காதில் சிக்கிய பாசிமணி, கம்மல், ஈசல்: கோடிங் தோழிகளுக்குக் கைகொடுக்கும் குறிப்புகள்

பெங்களூரில் காக்ஸ் டவுன், ஜீவனஹள்ளி, லிங்கராஜபுரம் பக்கம் வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் பார்க்கும் தோழிகள் இப்போது நிறைய. காதில் எதையாவது போட்டுக்கொண்டு வந்த கேஸ் என்றால் சின்ன விஷயம்தானே என்று ஓட்டிவிடத் தோன்றும். ஆனால் ஆடிட்டில் அதிகம் திரும்பி வருவது இந்தச் சின்ன கேஸ்கள்தான். நோட்டில் மூன்று நான்கு வார்த்தை சரியாக இருந்தால் நமக்கும் நேரம் மிச்சம், நோயாளிக்கும் பணம் மிச்சம்.

1. காது நோட்டைத் திறந்ததும் டயக்னோசிஸ் வரிக்கு ஓடாதீர்கள். பொருள் எந்த வழியாகப் போனது என்று முதலில் பாருங்கள். காதுத் துவாரம் வழியாக என்றால் ஐசிடி-10-சிஎம் கோடு டி16. வெட்டு, குத்து பட்ட காயத்துக்குள் கிடந்தால் எஸ்01.3. சிராய் ஏறியதுபோல தோலின் மேலோடு நின்றுவிட்டால் எஸ்00.45. இது முடிவானால் பாதி வேலை முடிந்தது.

2. வலது 1, இடது 2, சொல்லவில்லை என்றால் 9. டி16.1, டி16.2, டி16.9 என்பதும், எஸ்00.451, 452, 459 என்பதும் இதே வரிசைதான். மானிட்டரின் ஓரத்தில் இதை எழுதி ஒட்டிவிட்டால் ஒவ்வொரு தடவையும் பட்டியலைத் தேட வேண்டாம்.

3. இரண்டு காதிலும் பட்டாணியைப் போட்டுக்கொண்ட வாண்டு வந்தால், டி16-ல் 'இரு காதும்' என்று தனி கோடு கிடையாது. டி16.1, டி16.2 இரண்டையும் போட வேண்டும். காதுக் குரும்பிக்கு மட்டும் எச்61.23 என்று இரு காதுக்கும் சேர்த்து ஒன்று இருப்பதால்தான் பலருக்கும் இங்கே குழப்பம்.

4. ஏழாவது எழுத்து ஏழாவது இடத்தில்தான் உட்கார வேண்டும். டி16.1-க்கு இரண்டு எக்ஸ் போட்டு டி16.1எக்ஸ்எக்ஸ்ஏ. செவிப்பறைக் கிழிசலான எஸ்09.21-க்கு ஒரே எக்ஸ் போட்டு எஸ்09.21எக்ஸ்ஏ. எஸ்00.451 தானாகவே ஆறு எழுத்து, எக்ஸே வேண்டாம், நேராக ஏ போடலாம்.

5. ஏ என்றால் முதல் விசிட் என்று அர்த்தமில்லை, சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை எமர்ஜென்சியில் எடுக்க முடியாமல் திங்கட்கிழமை இஎன்டி டாக்டர் எடுத்தால், திங்கட்கிழமைக்கும் ஏ-தான். எடுத்து முடித்து, ஆறுகிறதா என்று பார்க்க வரும்போதுதான் டி (D).

6. டாக்டர் எந்தக் காது என்று எழுதவில்லையா? உடனே 9-ஐப் போட்டுவிடாதீர்கள். மற்ற மருத்துவப் பணியாளர்கள், உதாரணத்துக்கு நர்ஸ், எழுதிய குறிப்பிலிருந்து பக்கத்தை எடுத்துக்கொள்ள ஐசிடி-10-சிஎம் விதிகள் இடம் தருகின்றன. நர்ஸ் வலது என்றும் டாக்டர் இடது என்றும் எழுதியிருந்தால் மட்டும் டாக்டரிடமே கேட்டாக வேண்டும்.

7. டாக்டருக்குக் கேள்வி அனுப்பும்போது பதிலை நாமே ஊட்டக் கூடாது. "வலது காதுதானே?" என்று கேட்காமல், "எந்தக் காது என்பதைத் தெளிவுபடுத்தவும்: வலது, இடது, இரண்டும், தெரியவில்லை" என்று கேளுங்கள். இந்த வாசகத்தை ஒரு ஃபைலில் சேமித்து வைத்தால் அடுத்த முறை ஒட்டி அனுப்ப ஒரு நிமிடம் போதும்.

8. காது மடலில் கம்மல் திருகாணி புதைந்து, அதன்மேல் தோல் மூடிவிட்ட கேஸ்தான் நம்மை ரொம்ப யோசிக்க வைப்பது. அது துவாரம் வழியாகப் போகவில்லை, அதனால் டி16 வேண்டாம். புதிதாகத் திறந்த காயம் இல்லை என்றால் எஸ்00.45 பக்கம் போகலாம். குத்துக் காயத்துக்குள் பொருள் இருக்கிறது என்று டாக்டர் எழுதியிருந்தால் எஸ்01.34, கிழிந்த காயம் என்றால் எஸ்01.32. காயத்தின் தன்மையை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாம் ஊகிக்கக் கூடாது.

9. அதே புதைந்த கம்மலை எப்படி எடுத்தார்கள் என்று பாருங்கள். பிளேடு வைத்துக் கீறி எடுத்திருந்தால் சிபிடி 10120. கீறாமல் விரலாலும் இடுக்கியாலும் தள்ளி எடுத்திருந்தால் தனிக் கட்டணம் கிடையாது, அது அந்த விசிட்டுக்குள் அடக்கம். இந்த ஒரு வித்தியாசத்தில் பில் தொகை நன்றாகவே மாறும்.

10. நோட்டு நீளமாக இருந்தால் கண்ட்ரோல் எஃப் அழுத்தி 'இன்சிஷன்', 'ஃபோர்செப்ஸ்', 'இரிகேஷன்', 'அனஸ்தீசியா' என்ற நான்கு சொற்களை மட்டும் தேடுங்கள். காது கேஸில் புரொசீஜர் கோடு பெரும்பாலும் இந்த நான்கைச் சுற்றியே இருக்கும். பிறகு முழு நோட்டையும் ஒரு தரம் படித்து உறுதி செய்துகொள்ளலாம்.

11. காதுக் குழாயிலிருந்து எடுத்தால் 69200. முழு மயக்கம் கொடுத்து எடுத்தால் 69205. குழந்தையை அமைதிப்படுத்த லேசான மயக்க மருந்து கொடுத்திருந்தால் அது முழு மயக்கம் ஆகாது, 69200-லேயே நில்லுங்கள்.

12. மணியை எடுக்க வழியில் இருந்த குரும்பியையும் அதே காதில் எடுத்தார்களா? 69200-ஓடு 69210-ஐயும் சேர்க்கக் கூடாது, அது மணி எடுக்கும் வேலைக்குள்ளேயே அடங்கிவிடும். குரும்பி மட்டும் தனியாக வந்த நாளில், கருவியால் எடுத்தால் 69210, தண்ணீர் பீய்ச்சி எடுத்தால் 69209.

13. ஒரு நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போமா? "4 வயதுச் சிறுவன். மதியம் வீட்டில் விளையாடும்போது வலது காதில் பிளாஸ்டிக் பாசிமணி. எடுக்கும் முன் செவிப்பறை தெரியவில்லை. மயக்கம் கொடுக்காமல் அலிகேட்டர் ஃபோர்செப்ஸால் ஒரே முயற்சியில் எடுக்கப்பட்டது. பிறகு செவிப்பறை முழுமையாக இருக்கிறது, ரத்தமில்லை." இதற்கு டி16.1எக்ஸ்எக்ஸ்ஏ, பிளாஸ்டிக் மணிக்கு டபிள்யூ44.பி1எக்ஸ்ஏ, புரொசீஜருக்கு 69200 ஆர்டி. ஐந்து வரி நோட்டு, கேள்வியே எழவில்லை. எல்லா டாக்டரும் இப்படி எழுதினால் எவ்வளவு நிம்மதி!

14. கிளினிக் வரவேற்பில் வேலை பார்க்கும் தோழிகள் மேலே சொன்ன வரிகளையே காலி இடம் விட்டு ஒரு ஃபார்மாக அச்சடித்து டாக்டர் மேஜையில் வையுங்கள். எந்தக் காது, மடலா குழாயா, என்ன பொருள், எப்போது, எதனால் எடுத்தது, மயக்கம் உண்டா, எடுக்கும் முன்னும் பின்னும் செவிப்பறை எப்படி. டிக் போடும் வேலைதான் என்பதால் டாக்டர்கள் மறுக்கமாட்டார்கள்.

15. டபிள்யூ44 என்ற தொகுப்பு 2023 அக்டோபர் 1 முதல்தான் அமலில் இருக்கிறது. உடலின் இயற்கைத் துவாரங்களில் புகும் பொருள்களுக்கானது. அதற்கு முந்தைய தேதி கேஸில் இதைப் போட்டால் உடனே திரும்பிவிடும். அதனால் சிகிச்சை நடந்த தேதியைப் பார்த்த பிறகே கோடைத் தொடுங்கள்.

16. அந்தத் தொகுப்பில் நமக்கு அடிக்கடி வேண்டியவை மூன்று: பட்டன் பேட்டரிக்கு டபிள்யூ44.ஏ1, பிளாஸ்டிக் மணிக்கு டபிள்யூ44.பி1, பூச்சிக்கு டபிள்யூ44.எஃப்4. டாக்டர் வெறுமனே 'அந்நியப் பொருள்' என்று எழுதினால் இவற்றில் எதையும் போட முடியாது. பொருளின் பெயர் நோட்டில் வேண்டும் என்று நாம் நச்சரிப்பது இதற்காகத்தான்.

17. டபிள்யூ44 போன்ற வெளிக்காரணக் கோடு ஒருபோதும் முதல் வரியில் வராது. எல்லா இன்ஷூரன்ஸ்காரர்களும் அதைக் கேட்பதும் இல்லை. எந்த இடம் என்கிற ஒய்92, என்ன செய்துகொண்டிருந்தார் என்கிற ஒய்93 இரண்டும் முதல் சிகிச்சையின்போது ஒரே ஒரு தடவைதான்.

18. "இருக்கலாம்", "சந்தேகம்" என்று வெளிநோயாளி நோட்டில் எழுதியிருந்தால் டி16 போடக் கூடாது. வலி இருந்தால் எச்92.0. பார்த்து, எதுவும் இல்லை என்று உறுதி செய்து அனுப்பியிருந்தால் இசட்03.823 இருக்கிறது, அதை நினைவில் வையுங்கள்.

19. செவிப்பறையில் ஓட்டை என்று படித்தவுடன் எச்72-க்குப் போகாதீர்கள், அது நோயால் வந்த ஓட்டைக்கு. காது பட்ஸோ ஹேர்பின்னோ குத்திக் கிழிந்தது என்றால் எஸ்09.2. ஏற்கெனவே இருந்த ஓட்டையா, இப்போது வந்ததா என்று நோட்டில் இல்லாவிட்டால் கேட்டே ஆக வேண்டும்.

20. மடல் சிவந்து வீங்கி, தோலடித் தொற்று என்று டாக்டர் எழுதியிருந்தால் எச்60.1-ஐயும் சேர்த்துவிடுங்கள். மேல் காதில், குருத்தெலும்பில் குத்திக்கொள்ளும் இளம்பெண்களுக்கு வரும் பெரிகாண்ட்ரைட்டிஸ் வேறு, அதற்கு எச்61.0. இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம், குருத்தெலும்புத் தொற்று காதின் வடிவத்தையே கெடுத்துவிடக் கூடியது.

21. எடுத்த பிறகும் துண்டு உள்ளேயே தங்கிவிட்டது என்று வந்தால் இசட்18 நினைவுக்கு வரட்டும்: உலோகத் துண்டு இசட்18.1, பிளாஸ்டிக் துண்டு இசட்18.2. பின்னால் எம்ஆர்ஐ எடுக்கப் போகிறவருக்கு இந்த ஒரு வரி பெரிய பாதுகாப்பு.

22. கிழிந்த மடலைத் தைத்தார்களா? காது, முகத்தோடு ஒரே தொகுப்பில் வரும். 2.5 செ.மீ. வரை எளிய தையல் என்றால் 12011. 'சின்னக் காயம்' என்று எழுதினால் பயனில்லை, சென்டிமீட்டர் எண்ணிக்கை வேண்டும்.

23. 69200 செய்த அன்றே விசிட் கட்டணமும் போடுகிறீர்களா? பொருளை எடுத்ததற்கு அப்பால் டாக்டர் தனியாக ஏதாவது பரிசோதித்து முடிவெடுத்திருந்தால்தான் 25 என்ற மாடிஃபையர் நிற்கும். பழக்கத்தில் 25-ஐ ஒட்டுவதை ஆடிட்டர்கள் முதலில் பிடித்துவிடுவார்கள்.

24. 10120-க்கு 10 நாள் குளோபல், 69200-க்கு 0 நாள். கம்மலைக் கீறி எடுத்த ஐந்தாம் நாள் காயம் பார்க்க வந்தால் பில் கிடையாது. மணி எடுத்தவர் மறுநாள் வந்தால் போடலாம். எடுத்த தேதியைப் பக்கத்தில் வைத்து எண்ணிப் பாருங்கள்.

25. தினக் காலண்டரில் மூன்று நாளைச் சிவப்பில் வட்டமிடுங்கள். ஜனவரி 1 சிபிடி மாறும் நாள், அக்டோபர் 1 ஐசிடி மாறும் நாள், ஏப்ரல் 1 சில சமயம் இடையில் திருத்தம் வரும் நாள். அதற்கு முந்தின வாரமே காது சம்பந்தப்பட்ட மாற்றம் உண்டா என்று பார்த்துவிட்டால் கடைசி நேரப் பரபரப்பு இல்லை.

26. ஐசிடி-10-சிஎம் பட்டியலும் விதிகளும் அமெரிக்க அரசின் சிடிசி, சிஎம்எஸ் தளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன, அதற்குக் காசு கொடுக்க வேண்டாம். சிபிடிக்கு உரிமை அமெரிக்க மெடிக்கல் அசோசியேஷனிடம் இருப்பதால் அதற்கு மட்டும் புத்தகம் வாங்கியாக வேண்டும். பழகிப் பார்க்க சீனியர் அக்காக்களிடம் போன வருடப் புத்தகம் கேளுங்கள், சந்தோஷமாகக் கொடுப்பார்கள்.

27. சிபிசி பரீட்சைக்குத் தயாராகிறவர்களுக்கு: 100 கேள்வி, 4 மணி நேரம், புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதலாம். காது வரிசை 60000-த்துக் கடைசியில், 69000-த்தில் தொடங்குகிறது, அங்கே வண்ண ஸ்டிக்கர் ஒட்டிவையுங்கள். ஐசிடி புத்தகத்தில் எஸ்00, எஸ்01, டி16 மூன்றுக்கும் ஒரே நிறம் கொடுத்தால் கை தானாகப் போகும்.

28. வீட்டில் இருந்து வேலை என்றாலும் நோயாளி விவரம் 1996-ல் வந்த ஹிப்பா சட்டத்தின் கீழ்தான். பேர், தேதி எதையும் மளிகைச் சீட்டின் பின்னால் குறித்துவைக்காதீர்கள், திரையைப் போனில் படம் எடுக்காதீர்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராமல், சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் திரை யார் கண்ணிலும் படாது.

இனி நம் ஊர் ஆஸ்பத்திரிக் காகிதங்களும் நம் வீட்டுப் பிள்ளைகளும்.

29. நம் நாட்டு இன்ஷூரன்ஸ் கிளெய்ம் ஃபார்மில் பகுதி ஏ நாம் நிரப்புவது, பகுதி பி ஆஸ்பத்திரி நிரப்புவது. பகுதி பி-யிலும் ஐசிடி-10 கோடுக்குக் கட்டம் இருக்கிறது. கிளம்பும் முன்பே அந்தக் கட்டம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டால், பிறகு ஆட்டோ பிடித்துத் திரும்பப் போக வேண்டாம்.

30. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10-ல் டி16 அதோடு நின்றுவிடும், வலது இடது என்ற புள்ளி எண்கள் அமெரிக்கப் பதிப்பில் சேர்த்தவை. அதனால் இங்கே வலதா இடதா என்பது எழுத்தில் இருந்தாக வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, பில், மருந்துச் சீட்டு மூன்றிலும் ஒரே காது எழுதியிருக்கிறதா என்று சரிபாருங்கள்.

31. ஓபி-யில் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டால் நிறைய பாலிசிகள் பணம் தராது. முழு மயக்கம் கொடுத்து எடுத்தால் 'டே கேர்' பட்டியலில் வருகிறதா என்று பாலிசியின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். இதை இன்றைக்கே பார்த்து ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்தால் அவசரத்தில் கைகொடுக்கும்.

32. ஆஸ்பத்திரி ரெக்கார்டு நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், 3 வருடம் பாதுகாக்கவும் வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் வருட விதிமுறை சொல்கிறது. தயங்காமல் எழுத்தில் கேளுங்கள், கேட்ட தேதியோடு ஒரு நகல் கையில் வையுங்கள். ஆபா என்ற சுகாதாரக் கணக்கு எண் 14 இலக்கம், அதையும் அதே ஃபைலில் குறித்துவிடுங்கள்.

33. ரோட்டில் கம்மலைப் பறித்துக் காது கிழிந்த பெண்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். தையல் போடும் முன்பே எம்எல்சி (மெடிகோ-லீகல் கேஸ்) பதிவு செய்யச் சொல்லுங்கள். கர்நாடகத்தில் கேட்க வேண்டியது வூண்ட் சர்டிஃபிகேட். பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்பு 304-ஆம் பிரிவு. 116-ஆம் பிரிவின்படி ஒரு காதின் கேட்கும் திறன் நிரந்தரமாகப் போனாலே கொடுங்காயம். ஆகவே அறை விழுந்து காது கேட்கவில்லை என்றால் அதுவும் எழுத்தில் ஏற வேண்டும்.

34. காதில் எது போயிருந்தாலும், எடுத்த பிறகு கேட்பதில் குறை தெரிந்தால் கேட்கும் திறன் சோதனை செய்து அந்த ஆடியோகிராம் தாளைப் பத்திரப்படுத்துங்கள். நமக்குப் பக்கத்திலேயே, லிங்கராஜபுரத்தில் டாக்டர் எஸ்.ஆர். சந்திரசேகர் பேச்சு-கேள்வி நிறுவனம் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரி என்றால் சிவாஜிநகர் பௌரிங்.

35. குழந்தை மணியைப் போட்டுக்கொண்டது தெரிந்தால், அதே மாலையிலிருந்து இன்னொரு மணியைக் கையோடு எடுத்துப் போங்கள். அளவும் வழவழப்பும் பார்த்ததும் எந்தக் கருவி என்று டாக்டர் முடிவு செய்துவிடுவார். எத்தனை மணிக்கு, எந்தக் காது என்பதைப் போனிலேயே டைப் செய்துகொண்டால் பதற்றத்தில் மாற்றிச் சொல்ல மாட்டோம்.

36. பட்டாணி, புளியங்கொட்டை, கடலை போயிருந்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, ஊறி உப்பி இன்னும் இறுகிவிடும். ஹேர்பின், தீக்குச்சி, பட்ஸ் எதையும் உள்ளே விடாதீர்கள், மணி இன்னும் உள்ளே போய் முழு மயக்கம் வரை இழுத்துவிடும். செலவும் அங்கேதான் ஏறுகிறது.

37. பட்டன் பேட்டரி என்றால் சொட்டு மருந்தோ எண்ணெயோ எதுவும் வேண்டாம், உடனே கிளம்புங்கள். ஈரம் பட்டால் அது மின்சாரத்தால் திசுவை அரித்துவிடும், சில மணி நேரமே போதும். "பேட்டரி" என்ற வார்த்தையை வரவேற்பிலேயே சத்தமாகச் சொல்லுங்கள், வரிசையில் உட்கார வைக்க மாட்டார்கள்.

38. தாத்தா பாட்டியின் காதுக் கருவிப் பேட்டரியைக் கழற்றியதும் இரண்டு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி, மூடி இறுகிய பழைய மருந்து டப்பாவில் போட்டு மேல் தட்டில் வையுங்கள். கடுகு டப்பா உயரத்தில் இருந்தால் போதாது, அதற்கும் மேலே வேண்டும்.

39. மழைக்கு முன் ஈசல் கிளம்பும் மாலைகளில் வாசல் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே அணைத்துவிடுங்கள். காதில் பூச்சி புகுந்துவிட்டால், செவிப்பறையில் ஓட்டையோ டாக்டர் வைத்த குழாயோ இல்லாதவர்களுக்கு வெதுவெதுப்பான எண்ணெய் சில சொட்டு விட்டால் பூச்சி அடங்கும், துடிப்பு நிற்கும். எண்ணெய் விட்டதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், நோட்டில் அதுவும் ஏற வேண்டும்.

40. காது குத்திய பிள்ளைக்குத் திருகாணியை மடலோடு ஒட்ட முறுக்காதீர்கள், வீக்கத்துக்கு இடம் விட்டு நிறுத்துங்கள். குளிப்பாட்டும்போது தினமும் மடலின் முன்னும் பின்னும் விரலால் தடவிப் பாருங்கள், பின்பக்கம் திருகாணி தட்டுப்படாவிட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். தோல் முழுக்க மூடுவதற்குள் போனால் பெரும்பாலும் கீறாமலே எடுத்துவிடலாம்.